தையல் மெஷினின் காலும் ஒரு செவ்வந்திப் பூவும்

பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்தபோது என் தையல் மெஷின் கட்டிலில் படுத்திருந்தது.

முழு மெஷினும் அல்ல, தலை மட்டும். அதற்கு ஒரு தலையணை வைத்து, என் பழைய சேலை ஒன்றைக் கழுத்துவரை போர்த்திவிட்டிருந்தார்கள். காய்ச்சல்காரியைப் படுக்க வைத்த மாதிரி அத்தனை பக்குவம். கீழே இருக்க வேண்டிய இரும்புக் கால், மிதிபலகை, பெரிய சக்கரம், தோல் வார் என ஒன்றையும் காணவில்லை. மெஷின் நின்ற இடத்தில் சிமெந்துத் தரையில் நான்கு துருக் கறைகள் மட்டும் இருந்தன.

கையிலிருந்த குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். பசறைப் பக்கம் அந்த மாதம் மழை விட்டபாடில்லை.

வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையிலிருந்து 'கடக் கடக்' என்று சத்தம் வந்தது. என் காலுக்குப் பழகிய சத்தம் அது. போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் ஒரு பலகைக்கு முன்னால் நின்று என் மெஷின் ஸ்டாண்டை ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். பலகைக்கு மேலே நான் அதுவரை பார்த்திராத ஓர் இரும்புச் சாமான் சுழன்றுகொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், ரெண்டே வாரம்" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மனசாட்சி சுத்தமாக இருந்தால் என்னை 'நீ' என்பார். குற்றம் செய்திருந்தால்தான் 'வாங்க, போங்க, டீச்சர்' எல்லாம் வரும். அன்றைக்கு மரியாதை தாராளமாக வந்தது. இரண்டு வாரம் என்றது இரண்டு வருடமாகியும் முடியவில்லை.

அளவு கேட்கும் வாசகர்

நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரின் முதல் வாசகர் என் வீட்டுக்காரர்தான். லுணுகலை பஸ்ஸில் நான் அட்டைக்கடி வாங்கிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு பஸ் லேட்டானது ஐம்பது நிமிஷம் இல்லை, நாற்பது என்றார். அவருடைய இலக்கிய விமர்சனம் அவ்வளவுதான். இந்த வாரம் உங்களைப் பற்றித்தான் என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், அளவு மட்டும் தப்பாக எழுதிவிடாதே என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு அளவெல்லாம் தெரியாது. சிலிண்டருக்குள் என் சுண்டுவிரல் நுழையும். பாய்லர் என் முன்னங்கை நீளம். மொத்த எஞ்சினும் சோற்றுச் சட்டிக்குள் அடங்கும். வாசகர்கள் இதை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

அவர் பெயர் சண்முகம். பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ரோலர் நின்றாலும், டிரையர் சூடேறாவிட்டாலும், லொறி இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். பிட்டருக்குக் கொடுத்த குவாட்டஸில் குடியிருந்தோம். மின்சாரம் உண்டு, ஆனால் விளக்கு எரிக்க மட்டும். அதில் ஒரு மோட்டாரைப் பூட்டினால் அக்கம்பக்கத்து விளக்கெல்லாம் மங்கிவிடும். அதனால்தான் என் ஸ்டாண்டுக்குக் கஷ்டகாலம் வந்தது.

பலகைமேல் சுழன்ற சாமான் ஒரு சின்ன லேத் மெஷின். பித்தளையையோ இரும்பையோ அதில் பூட்டிச் சுழலவிட்டு, உளியைக் காட்டினால் உருட்டாகக் கடைந்து கொடுக்கும். பசறையில் பட்டறை வைத்திருந்த சோமபால பாஸ் தொழிலை மூடிவிட்டு மகளோடு மொனராகலைக்குப் போகும்போது அதை இவரிடம் கொடுத்தார். மோட்டார் கருகிப் போயிருந்தது. பிரியத்தால் கொடுத்தார் என்று இவர் சொல்வார். தூக்கிக்கொண்டு போக முடியாமல் கொடுத்தார் என்று நான் சொல்வேன்.

ஒரு வார்த்தை

எல்லாவற்றுக்கும் காரணம் டீமேக்கர் ஐயா சொன்ன ஒரு வார்த்தை.

ஸ்டோருக்குப் பொறுப்பான அவர் சாவகச்சேரிக்காரர். தேயிலை விஷயத்தில் கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு வாயில் வைத்தால் எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். அவர் ஒரு நாள் பேச்சுவாக்கில், பழுது பார்ப்பது வேறு, புதிதாக உண்டாக்குவது வேறு, பிட்டர்மார் முதலாவதோடு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ருசி பார்த்த தேத்தண்ணீரைத் துப்புவது மாதிரி வார்த்தையையும் துப்பிவிட்டு மறந்துபோவது அவர் சுபாவம். எதையும் மறக்காதது என் வீட்டுக்காரர் சுபாவம்.

சின்னதாக ஒரு நீராவி எஞ்சின் செய்து, ஓட்டியே காட்டுகிறேன் என்று இவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"செய்யும், பாப்பம்" என்றாராம் ஐயா. "ஓடினா அண்டைக்கு ஸ்டோர் முழுக்க நானே தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

இது லேசுப்பட்ட பேச்சல்ல. கப்பல் கப்பலாகத் தேயிலை அனுப்பும் அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கோப்பையைத் தன் கையால் ஊற்றியதாக யாரும் கண்டதில்லை.

துன்ஹிந்தவுக்குப் போன கதை

நீராவி எஞ்சின் ஏன், வேறு எதையாவது செய்து தொலைத்திருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணமான மாதமே விடை தெரிந்துவிட்டது.

துன்ஹிந்த அருவியைக் காட்டுகிறேன் என்று என்னைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் மாம்பழ மஞ்சளில் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், அஞ்சு நிமிஷம் என்று சொல்லி ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார். கரிக்கோச்சி ஓடிய காலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த இடத்தைக் காட்டினார். கரிக்கோச்சி எப்படித் தண்ணீர் குடிக்கும், எப்படி மூச்சு விடும் என்று ஒவ்வொன்றாக நடித்தும் காட்டினார். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்கள்.

அருவிக்குப் போகும் பஸ் போய்விட்டது. நான் இன்றுவரைக்கும் துன்ஹிந்தவைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

தையல் மெஷின் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூனாகலையிலிருந்து அப்பா சீராகக் கொடுத்தது அது. பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி, என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டே பசறைவரை வந்தான். வந்து இறங்கியபோது எது ஸ்டாண்டு, எது அண்ணன் என்று தெரியாத அளவுக்கு இரண்டும் விறைத்துப் போயிருந்தன. அப்படி வந்த ஸ்டாண்டைத்தான் விறகுக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தார்.

தையல்காரியின் கால்

முதல் மூன்று மாதம் அவர் தனியாகத்தான் மிதித்தார். காலால் மிதிக்க வேண்டும், இரண்டு கையாலும் உளியைப் பிடிக்க வேண்டும், கண்ணால் பித்தளையைப் பார்க்க வேண்டும். உளியில் கவனம் வைத்தால் கால் நின்றுவிடும், காலில் கவனம் வைத்தால் உளி பாய்ந்துவிடும். பழைய ரோலரிலிருந்து கழித்துப் போட்ட பித்தளை புஷ் என்ற தடித்த வளையங்கள் இரண்டை ஐயாவிடம் கேட்டு வாங்கி வந்து, இரண்டையும் பாழாக்கினார்.

மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்றார். "டீச்சருக்குக் கொஞ்சம் நேரம் இருக்குங்களா?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

தையல்காரியின் கால் ஒரே சீராக மிதிக்கும். நீளமான தையலுக்கு ஒரு வேகம், மடிப்புக்கு ஒரு வேகம், அது தானாகவே வரும். அந்தக் காலைத்தான் அவர் கேட்டார். என் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டது போதாதென்று என்னையும் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டார். விறகுக் குற்றியில் உட்கார்ந்து, மடியில் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டே மிதிப்பேன். அவர் பேசாமல் கடைவார். பித்தளைச் சுருள் பொன்னிறத்தில் தரையில் விழுந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. அவரிடம் அதைச் சொன்னதில்லை.

ஒரு நாள், பிஸ்டன் கடையும்போது, என் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். நான் சட்டென்று காலை எடுத்தேன். உளி கீறி பிஸ்டனில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோடு இன்றைக்கும் இருக்கிறது. அதனால் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்கிறார். அண்ணனைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பாய்லருக்குப் பழைய டிரையரிலிருந்து கழித்த செம்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. ஒரு நாள், பசறைக்குப் போய்ப் பத்தரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சட்டை மாற்றினார். நகைக் கடைப் பத்தர். எங்கள் கல்யாண நாள் அந்த வாரம்தான். நான் ஒன்றும் கேட்காமல், தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். மாலையில் வந்தவர் செம்புக் குழாயின் இரண்டு பக்கமும் வெள்ளி வைத்துப் பற்றவைத்து மூடியிருப்பதை என்னிடம் பெருமையாகக் காட்டினார். "எல்லாம் சுத்த வெள்ளி" என்றார். காதில் போட முடியாத வெள்ளி.

பேச்சு வார்த்தை

இதற்கிடையில் என்னிடம் துணி கொடுத்தவர்கள் முறைக்க ஆரம்பித்திருந்தார்கள். கொழுந்து எடுக்கும் முத்தம்மா தீபாவளிக்கு என்று ஒரு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தாள். அந்தத் தீபாவளி போய், அடுத்ததும் போய், மூன்றாவது தீபாவளியும் நெருங்கியது. துணியை நான் வெட்டியும் வைத்திருந்தேன். வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கையால் தைக்கப் பொறுமையும் கிடையாது. முத்தம்மா என்னைக் கண்டால், "அவசரமில்லங்க டீச்சரம்மா, ஒடம்பு இளைச்சதும் தச்சுக்குடுங்க" என்பாள். அவள் குத்திக்காட்டுவது தன் உடம்பை அல்ல, என் தாமதத்தைத்தான் என்று எனக்குத் தெரியும்.

பொறுத்தது போதும் என்று ஒரு நாள் பேச்சு வார்த்தைக்கு உட்கார்ந்தேன். வருகிற ஆயுத பூசை அன்றைக்கு ஸ்டோரில் எல்லார் முன்னாலும் எஞ்சின் ஓட வேண்டும். ஓடினால், அந்த ஸ்டாண்டைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டேன். ஓடாவிட்டால், ஸ்டாண்டு மறுநாளே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். லேத் மெஷினை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இனிமேல் கடைசலும் இல்லை, எஞ்சினும் இல்லை.

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "சரி. நீ சொன்னா சொன்னதுதான்" என்றார்.

'நீ' என்று சொன்னதால் அது மனசாரச் சொன்னது என்று தெரிந்துகொண்டேன். எனக்கே கொஞ்சம் பயமாகப் போய்விட்டது.

பூ வைத்தது

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் வைத்து ஓட்டிப் பார்த்தார். பாய்லரில் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. அந்த விளக்குக்குத் திரி என் சாமி விளக்கிலிருந்து போனது. தண்ணீர் முனகத் தொடங்கியதும் சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சிலிண்டர் தலையாட்டியது, சக்கரம் பிடித்துக்கொண்டது, 'சக்குபுக்கு சக்குபுக்கு' என்று ஓடத் தொடங்கியது. ஒரு சின்ன ஓட்டையிலிருந்து வெள்ளை வெள்ளையாக மூச்சு வந்தது. பிஸ்டனைத் தள்ளி முடித்த பழைய ஆவி அந்த வழியாக வெளியே போனால்தான் சக்கரம் திரும்பி வர முடியும் என்று எனக்குப் பத்துத் தடவையாவது விளக்கியிருப்பார்.

அவர் குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, சோறுதான் குழைந்துபோய்விட்டது என்றேன்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, வீட்டில் உள்ள ஆயுதங்களுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோல், அரிவாள்மனை, தேங்காய்த் துருவலை, கட்டிலில் கிடந்த மெஷின் தலை எல்லாவற்றுக்கும். பொட்டு வைப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எஞ்சினுக்கு மட்டும் கூடக் கொஞ்சம் சிரத்தை எடுத்தேன். முந்தின நாள் நல்ல வார்த்தை சொல்லாமல் விட்டதற்கு ஈடாக என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாய்லருக்கு மூன்று பட்டை விபூதி. சக்கரத்துக்குச் சந்தனம். சிலிண்டரின் காலடியில் கச்சிதமாக ஒரு துளை இருந்தது. பூ வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. முற்றத்தில் பூத்த குட்டிச் செவ்வந்தி ஒன்றின் காம்பை நறுக்கி அதில் செருகினேன். ஆடாமல் இருக்கக் காம்பைச் சுற்றிச் சந்தனத்தையும் அப்பினேன். அத்தனை அழகாக இருந்தது.

அவர் அவசரமாக வந்து, வாசலில் நின்றே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூவெல்லாம் வைத்திருக்கிறாயே என்று சந்தோஷப்பட்டார். துவாயில் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிப் போனார்.

அரைச் சுற்று

ஆயுத பூசை அன்றைக்கு ஸ்டோரில் எந்த மெஷினும் வேலை செய்யாது. ரோலர், டிரையர், சல்லடை, தராசு, லொறி எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். ஸ்பேனர், குறடு, அரம், ஊசிக் கம்பி வரைக்கும் எல்லா ஆயுதங்களையும் சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் அடுக்குவார்கள். பூசாரி தீபம் காட்டிவிட்டால், மறுநாள் காலைவரைக்கும் அவற்றை யாரும் தொடக்கூடாது. பூசை முடிந்ததும் பெரிய ரோலரை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு நிறுத்துவார்கள். பிறகு பொரியும் கடலையும்.

அந்த வருடம் ரோலருக்குப் பிறகு எங்கள் எஞ்சின். டீமேக்கர் ஐயா தேத்தண்ணீர் ருசி பார்க்கும் மேசையில் அதை வைத்தார்கள். ஸ்டோர் ஆட்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து நேரே வந்த பெண்கள், கணக்கப்பிள்ளைமார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் முத்தம்மாவுக்குப் பக்கத்தில் கடலைத் தட்டோடு நின்றேன்.

விளக்கை ஏற்றினார். தண்ணீர் முனகியது. சக்கரத்தைத் தட்டினார்.

அரைச் சுற்று வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வந்த வழியே திரும்பிப் போனது.

மறுபடியும் தட்டினார். மறுபடியும் அரைச் சுற்று. ஐந்தாறு தடவை அப்படியே. யாரோ பின்னால் செருமினார்கள். டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் குனிந்து சிலிண்டரின் காலடியைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"என் கணக்குத்தாங்க ஐயா தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. நமக்குப் பழுது பாக்குறதோட சரிங்க."

சொல்லிவிட்டு விளக்கை அணைக்கக் கையை நீட்டினார்.

நேற்று சாயங்காலம் ஓடிய எஞ்சின். அது ஓடியதை உலகத்தில் பார்த்தவள் நான் ஒருத்தி. அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். பொட்டு இருந்தது, விபூதி இருந்தது, பூ இல்லை. துவாயில் சுற்றும்போது பூ ஒடிந்து, காம்பு உள்ளேயே நின்றுவிட்டிருக்கிறது. பத்துத் தடவை விளக்கிச் சொன்ன அந்தத் துளையில்தான் நான் பூ வைத்திருக்கிறேன்.

உண்மையை எழுத வேண்டும் என்றால், முதலில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். ஸ்டாண்டு திரும்பி வந்துவிட்டது. முத்தம்மாவின் ரவிக்கை முடிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டு கடலை தின்றால் போதும்.

பிறகுதான் புரிந்தது. அவர் காம்பைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத்தான் கணக்குத் தப்பு என்றார். பூசை நாளில், டீச்சர் வைத்த பூ எஞ்சினை நிறுத்திவிட்டது, அபசகுனம் என்று ஒரு வார்த்தை கிளம்பினால், சாயங்காலத்துக்குள் எல்லா லயத்து வீடுகளுக்கும் போய்விடும். அப்புறம் யார் வீட்டு நல்ல காரியத்திலும் என் கையால் பூ வாங்க யோசிப்பார்கள். அதற்காக இரண்டு வருடத்தையும் லேத் மெஷினையும் ஒரு வாக்கியத்தில் கொடுத்துவிட்டு நிற்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. என்னைக் கேட்காமல் என் ஸ்டாண்டை எடுத்த மனிதர், என்னைக் கேட்காமலே என் தப்பையும் எடுத்துக்கொண்டார்.

கடலைத் தட்டை முத்தம்மா கையில் கொடுத்தேன்.

"வெளக்க அணைக்காதீங்க" என்றேன்.

ஊக்கு

காம்பைக் குத்தி எடுக்கக் கூர்மையாக ஏதாவது வேண்டும். அந்த ஸ்டோரில் இல்லாத ஆயுதமா? ஆனால் ஊசிக் கம்பி முதல் ஒன்றுவிடாமல் வெள்ளைத் துணியில் சாமிக்கு முன்னால் இருந்தன. அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததுமே பூசாரி தலையை ஆட்டிவிட்டார்.

தாலிக்கொடியில் கைவைத்தேன். எல்லாப் பெண்களையும் போல நானும் அதில் இரண்டு மூன்று ஊக்குகள் மாட்டி வைத்திருப்பேன். ஒன்றைக் கழற்றி விரித்தேன். பூசாரி வாயைத் திறந்தார்.

"இது ஆயுதம் இல்லங்க சாமி" என்றேன். அவர் யோசித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

இவர் என் கையைப் பிடித்து, "வேணாம், விடு" என்று மெதுவாகச் சொன்னார். நான் கையை உதறிவிட்டு, காய்ந்த சந்தனத்தைக் கிண்டிக் காம்பை நெம்பினேன். பச்சைக் காம்பு வெளியே வந்தது. பின்னாலேயே ஆவியும் வந்து என் விரலைச் சுட்டது.

காம்பை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் தெரியும்படி காட்டினேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பேசும் குரல்தான் வந்தது.

"இவரு கணக்குல தப்பு இல்லங்க ஐயா. மூச்சு போற எடத்துல பூ வச்சது நான்."

இவர் சக்கரத்தைத் தட்டினார். அரைச் சுற்று வந்தது, முழுச் சுற்று வந்தது, பிறகு எண்ண முடியவில்லை. எஞ்சின் தலையை ஆட்டி ஆட்டி, சந்தனத் துணுக்கைத் துப்பிக்கொண்டு ஓடியது. முத்தம்மா தட்டோடு சத்தமாகச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்தும்தான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். சிரித்த ஊர் பயப்படாது.

டீமேக்கர் ஐயா குனிந்து பிஸ்டனை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காகக் கடைந்தது எந்த மோட்டாரில் என்று கேட்டார். மோட்டார் ஏது, டீச்சர் காலுதாங்க என்று இவர் என்னைக் காட்டினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதை வெளியே சொன்னார்.

ஐயா வாக்குத் தவறவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே தேத்தண்ணீர் ஊற்றினார். நான் குடித்த சாயத் தண்ணியில் அதைப் போல மோசமான ஒன்றை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. ஆனால் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்கு ஏறி வரும்போது இவர் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மதகடியில் நின்று, "ஏன் சொன்ன?" என்றார்.

"நீங்க ஏன் சொல்லல?" என்றேன்.



குழாய்

பேச்சுப்படி ஸ்டாண்டு கொட்டகையிலேயே நின்றுவிட்டது. நானும் வாய் திறக்கவில்லை. மெஷின் தலையில் ஒரு கைப்பிடி பூட்டிக் கொடுத்தார். ஒரு கையால் சுற்றி, ஒரு கையால் துணியைத் தள்ளி முத்தம்மாவின் ரவிக்கையை முடித்தேன். இடது கை கொஞ்சம் கோணல். கொழுந்துக் கூடை போட்டால் மறைந்துவிடும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க எஞ்சினை எடுத்தபோது, சிலிண்டரிலிருந்து ஒதுங்கி, அடிப்பலகையின் ஓரத்தில் புதிதாக ஒரு பித்தளைக் குழாய் நின்றது. விரல் கணு அளவு உயரம். வாயில் ஒரு சின்ன வளையம் கடைந்து, பளபளவென்று மெருகு போட்டிருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"இனிமே பூவ இங்க வைங்க டீச்சர்" என்றார்.

அந்தக் குழாயின் அளவு மட்டும் எனக்குத் தெரியும். செவ்வந்திக் காம்பு ஆடாமல் நிற்கும்.

பல வருடங்கள் கழித்து, நாங்கள் பதுளைக்குக் குடிவந்த பிறகு, ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு எஞ்சினைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இவரும் போய்ப் பக்கத்தில் நின்றார். நான் பூவோடு நின்றேன். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், இளைஞர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். இது பாய்லர், இது ஆவி போகும் வழி, இது சக்கரம். ஓரத்துக் குழாயில் வந்து நின்றார். உள்ளே பார்த்தார், வெளியே தட்டினார், எதோடும் அது சேரவில்லை.

"ஐயா, இந்தக் குழாய் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"அது இல்லாட்டி இது ஓடாதுங்க தம்பி" என்றார்.

அந்த ஆசிரியர் அதையும் எழுதிக்கொண்டார்.